ஆட்டுக்கால் சூப்பில் சத்து உண்டா?

வீட்டில் ஒருவருக்கு எலும்பு முறிந்துவிட்டால், பார்க்க வரும் உறவினர்கள் கூறும் முதல் யோசனை எது? "ஆட்டுக்கால் வாங்கிச் சூப் வைத்துக் கொடுங்கள், எலும்பு சீக்கிரம் கூடிவிடும்" என்பதுதான் அல்லவா? சென்ற ஆண்டு என் தாயார் கிணற்றடியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தபோது எங்கள் வீட்டிலும் இதுவே நடந்தது. "மாப்பிள்ளை, நாற்பது நாளைக்கு விடாமல் அக்காவுக்குக் கால் சூப் கொடு, மற்றதெல்லாம் அப்புறம்" என்று என் தாய்மாமன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நாள்தோறும் காலையில் சூப் தயாராயிற்று. மிளகும் சீரகமும் மணக்க, வடிகட்டிய தெளிவான சாறு ஒரு தம்ளர் என் தாயாருக்கு. எலும்போடு ஒட்டியிருந்த கறியைக் குழந்தைகள் தின்றுவிடுவார்கள். ஏன் அதை நோயாளிக்குக் கொடுக்கவில்லை என்று கேட்டேன். "சத்தெல்லாம் தண்ணீரில் இறங்கிவிட்டதே! இது வெறும் சக்கை" என்பது மாமாவின் பதில்.

சத்தெல்லாம் தண்ணீரில் இறங்கிவிடுமா? வேடிக்கையான கேள்வி என்று எண்ணிவிடாதீர்கள். பிரான்சு நாட்டின் அறிவியல் கழகம் இதே கேள்வியை ஆராய ஒரு குழு அமைத்து, ஏறத்தாழ பத்து ஆண்டுகள் மூளையைக் கசக்கிக் கொண்டது. பாரிஸ் மருத்துவமனைகளில் படுத்திருந்த ஏழை நோயாளிகளின் உணவு அந்த விடையைப் பொறுத்திருந்தது. அந்த வரலாறு இலண்டனில் ஒரு சமையல் கலத்தில் தொடங்கி, சென்னையில் ஓர் இயற்பியல் ஆய்வுக்கூடம் வரை நீளுகிறது.

ஆட்டின் காலில் என்ன இருக்கிறது?

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். ஆட்டின் குளம்பை அடுத்த கீழ்ப்பகுதியில் தசை மிகக் குறைவு. தோல், தசைநாண், எலும்பு ஆகியவையே மிகுதி. இதைத்தான் நாம் பாயாவுக்கும் சூப்புக்கும் வாங்குகிறோம். அதற்குச் சற்று மேலே நல்லி எலும்பைச் சுற்றிச் சதைப்பற்றோடு இருப்பது கணைக்கால் கறி. மேலை நாடுகளில் இளம் செம்மறியாட்டின் இந்தப் பகுதியை எலும்போடு சேர்த்துத் தனி உணவாகவே சமைக்கிறார்கள்.

ஆடு நாளெல்லாம் நடக்கிறது, நிற்கிறது. ஆகவே காலின் தசைகள் ஓயாமல் உழைப்பவை. உழைக்கும் தசைக்கு உறுதியான கட்டுமானம் வேண்டும். தசை இழைகளைக் கட்டி வைத்திருக்கும் வெண்ணிறப் படலங்களும், தசையை எலும்போடு பிணைக்கும் நாண்களும் கொலாஜன் என்னும் புரதத்தால் ஆனவை. எலும்பிலும் சுண்ணாம்பு உப்புகளுக்கு இடையே பரவி நின்று அதற்கு வலுவூட்டுவது இதே கொலாஜன்தான். விலங்கின் உடலில் வேறெந்தப் புரதத்தையும்விட மிகுதியாக இருப்பதும் இதுவே.

கணைக்கால் கறியை அவசரமாக வறுத்தால் தோல்செருப்பைக் கடிப்பது போல் இருக்கும். காரணம் என்ன? ஏறத்தாழ 60 முதல் 65 டிகிரி செல்சியசில் கொலாஜன் இழைகள் சுருங்கித் தசையைப் பிழிகின்றன. நீர் வெளியேறிக் கறி விறைத்துவிடுகிறது. ஆனால் ஈரத்தோடு 70 டிகிரிக்கு மேல் நெடுநேரம் வைத்திருந்தால், அந்த இழைகள் மெல்லப் பிரிந்து நீரில் கரைகின்றன. அவ்வாறு கரைந்த பொருளுக்கு ஜெலாட்டின் என்று பெயர். அதன் பின் தசை இழைகளைக் கட்டி வைக்க ஒன்றும் இல்லாததால் கறி பஞ்சு போல் உதிர்கிறது. சூப் ஆறியதும் கூழாக உறைவதும், குடிக்கும்போது உதடுகள் ஒட்டுவதும் ஜெலாட்டினின் வேலைகளே. இளம் ஆட்டில் இந்தக் கரைதல் விரைவில் நடக்கும். முதிர்ந்த ஆட்டில் கொலாஜன் இழைகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்புகள் பெருகிவிடுவதால் அதிக நேரம் பிடிக்கும்.

பாப்பினின் கலம்

திறந்த பானையில் எவ்வளவு எரித்தாலும் நீரின் வெப்பநிலை 100 டிகிரிக்கு மேல் ஏறாது என்பதை நீங்கள் அறிவீர்கள். எரிபொருளைக் கூட்டினால் நீராவி கூடுமே தவிர வெப்பநிலை கூடாது. கறி வேகலாம், எலும்பு எளிதில் கரையாது. இந்தத் தடையை உடைத்தவர் டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர். 1647-இல் பிறந்த இவர் மருத்துவம் படித்தவர். பாரிசில் ஹைகன்சிடமும் இலண்டனில் இராபர்ட் பாயிலிடமும் உதவியாளராக இருந்தவர்.

பாப்பின் 1679-இல் இலண்டன் இராயல் கழகத்தார் முன் ஒரு புதிய கலத்தைக் காட்டினார். தடித்த உலோக உருளை. திருகாணிகளால் இறுக்கி மூடப்பட்ட மூடி. உள்ளே உண்டாகும் நீராவி வெளியேற வழியில்லாததால் அழுத்தம் உயரும். அழுத்தம் உயர்ந்தால் கொதிநிலையும் உயரும். வளிமண்டல அழுத்தத்தைப் போல் இரு மடங்கில் நீர் 120 டிகிரியில் கொதிக்கிறது. நம் வீடுகளில் விசில் அடிக்கும் பிரஷர் குக்கரின் தாத்தா இந்தக் கலம்தான். கலம் வெடித்துவிடாமல் காக்க, நெம்புகோலில் எடை தொங்கவிட்ட ஒரு வால்வையும் பாப்பின் அமைத்தார்.

வெப்பநிலையை அவர் எப்படி அறிந்தார்? நம்பகமான வெப்பமானி அன்று இல்லை. மூடியின் மேல் ஒரு துளி நீரை விட்டு, அது ஆவியாகி மறைவதற்குள் ஓர் ஊசல் எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணினார்! இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

1681-இல் பாப்பின் வெளியிட்ட நூலின் தலைப்பே அவருடைய நோக்கத்தைச் சொல்லும்: எலும்புகளை மென்மையாக்கும் கருவி பற்றிய நூல் அது. 1682 ஏப்ரலில் இராயல் கழக உறுப்பினர்களுக்கு இந்தக் கலத்தில் சமைத்த விருந்து அளிக்கப்பட்டது. மாட்டெலும்பும் ஆட்டெலும்பும் பாலாடைக்கட்டி போல் மென்மையாகிவிட்டதையும், மிகச் சிறிதளவு கரியே செலவானதையும் விருந்தில் கலந்துகொண்ட ஜான் ஈவ்லின் தம் நாட்குறிப்பில் வியந்து எழுதி வைத்தார்.

வீணாகும் எலும்பு உணவாகிறது, எரிபொருளும் மிச்சம். ஏழைகளின் பசி தீர இதைவிட வேறென்ன வேண்டும்? இந்த எண்ணம் ஒரு நூற்றாண்டுக்குப் பின் பிரான்சில் பெரிய இயக்கமாகவே உருவெடுத்தது.

ஏழைகளுக்கு எலும்புச் சாறு

புரட்சியாலும் போர்களாலும் பிரான்சு நொந்து கிடந்த காலம். கறி விலை உயர்ந்தது. நகரங்களில் ஏழைகள் பெருகினர். எலும்புச் சாற்றையே ஏழைகளின் உணவாக்கலாம் என்று 1803-இல் கடே த வோ என்பவர் எழுதினார். அடுத்து ழான்-பியேர்-ழோசப் தார்சே என்ற வேதியியலார் முன்வந்தார். எலும்பின் சுண்ணாம்பை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்துவிட்டு ஜெலாட்டினைப் பிரித்தெடுக்கும் முறையை முதலில் உருவாக்கினார். பின்னர் அழுத்தமான நீராவியால் எலும்பிலிருந்து நேரடியாகச் சாறு இறக்கும் கருவியையும் அமைத்தார். 1829-இல் பாரிசின் செயின்ட் லூயி மருத்துவமனையில் அந்தக் கருவி இயங்கத் தொடங்கியது.

தார்சேயை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. அவர் நல்லெண்ணத்தோடுதான் இதைச் செய்தார். சூப்புக்குச் செலவாகும் கறியின் பெரும்பகுதியை மிச்சப்படுத்தி, அதை வறுவலாக நோயாளிகளுக்கே கொடுக்கலாம் என்பது அவர் திட்டம். அன்றைய வேதியியலும் அவர் பக்கமே இருந்தது. கறியைப் பகுத்தால் நைட்ரஜன் கிடைக்கிறது. ஜெலாட்டினைப் பகுத்தாலும் நைட்ரஜன் கிடைக்கிறது. அப்படியானால் இரண்டும் ஒரே தரமான உணவுதானே? 1814-இல் பாரிஸ் மருத்துவப் புலத்தின் குழுவும் ஜெலாட்டின் நல்ல உணவே என்று சான்று அளித்திருந்தது.

ஆனால் உண்டவர்கள் முணுமுணுத்தார்கள். சாறு கெட்டியாக இருந்ததே தவிர, உடம்பில் ஒட்டவில்லை. 1831-இல் ஆல்ஃபிரட் டோனே என்ற மருத்துவர் தாமே ஜெலாட்டினை உண்டு பார்த்தார். பசி அடங்கவில்லை, எடையும் குறைந்தது என்று அறிவித்தார். வேதியியலார் சரியென்றும் வயிறு இல்லையென்றும் சொன்னால் யாரை நம்புவது? அறிவியல் கழகம் ஒரு குழுவை அமைத்தது. அதன் முதன்மையான உறுப்பினர் உடலியங்கியல் அறிஞர் பிரான்ஸ்வா மஜாந்தி.

நாய்களின் சாட்சியம்

மஜாந்தி இத்துறைக்குப் புதியவர் அல்லர். 1816-லேயே நாய்களுக்குச் சர்க்கரையும் வடித்த நீரும் மட்டும் கொடுத்து, அவை மெலிந்து ஏறத்தாழ ஒரு மாதத்தில் இறப்பதைக் காட்டியிருந்தார். நைட்ரஜன் இல்லாத உணவு உயிரைக் காக்காது என்று அதிலிருந்து உலகம் கற்றுக்கொண்டது. இப்போது கேள்வி அதைவிடக் கடினமானது: நைட்ரஜன் உள்ள எல்லாப் பொருளும் உயிரைக் காக்குமா?

1841-இல் குழுவின் அறிக்கையை மஜாந்தி வெளியிட்டார். ஜெலாட்டினை மட்டும் வைத்தபோது நாய்கள் சில நாட்களில் அதைத் தொட மறுத்தன. தொடர்ந்து உண்டவையும் மெலிந்தன. ரொட்டியோடு சேர்த்துக் கொடுத்தும் நிலைமை சீராகவில்லை. ஆனால் வியப்பைப் பாருங்கள்: பச்சை எலும்பை அப்படியே கடித்துத் தின்ற நாய்கள் நலமாக இருந்தன. அதே எலும்பிலிருந்து வேதியியலார் 'சத்து' என்று பிரித்தெடுத்த பகுதியோ அவற்றைக் காக்கவில்லை.

இன்றைய அறிவோடு பார்த்தால் இந்தச் சோதனைகளில் குறை உண்டு. தனி ஜெலாட்டினில் வைட்டமின்களும் தேவையான உப்புகளும் இல்லை. தூய முட்டைப் புரதத்தை மட்டும் கொடுத்தபோதும் நாய்கள் வாடின. ஆகவே எல்லாப் பழியையும் ஜெலாட்டின் மேல் போட முடியாது. இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் ஜெர்மனியின் கார்ல் ஃபான் வாய்ட். உணவில் வேறு புரதம் இருக்கும்போது ஜெலாட்டினைச் சேர்த்தால் அந்தப் புரதச் செலவு ஓரளவு மிச்சமாகிறது. ஆனால் அதன் இடத்தை ஜெலாட்டின் முழுவதும் நிரப்ப முடியாது என்று 1872-இல் அவர் எழுதினார். ஜெலாட்டின் ஓர் உதவியாளன். தலைவன் ஆக முடியாது.

காணாமற்போன செங்கல்

ஏன் முடியாது? இதற்கு விடை இருபதாம் நூற்றாண்டில் கிடைத்தது. புரதங்கள் அமினோ அமிலங்கள் என்னும் சிறு செங்கற்களால் கட்டப்பட்டவை. இவை ஏறத்தாழ இருபது வகை. அவற்றுள் சிலவற்றை நம் உடல் தானே செய்துகொள்ளும். ஒன்பது வகையை உணவிலிருந்துதான் பெற வேண்டும். 1901-இல் கேம்பிரிட்ஜில் பிரெடரிக் கவுலண்டு ஹாப்கின்சும் கோலும் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தனர். ஜெலாட்டினில் இது அறவே இல்லை!

ஒரே ஒரு செங்கல் இல்லாவிட்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். 1906-இல் எடித் வில்காக்கும் ஹாப்கின்சும் எலிகளைக் கொண்டு இதைச் சோதித்தனர். மக்காச்சோளத்தின் சீன் என்ற புரதத்திலும் டிரிப்டோஃபேன் இல்லை. அதை மட்டும் புரதமாகப் பெற்ற எலிகள் விரைவில் மடிந்தன; அதோடு டிரிப்டோஃபேன் சேர்த்துக் கொடுத்தவை கூடுதல் நாட்கள் உயிர் வாழ்ந்தன. உணவில் புரதம் எவ்வளவு என்று கேட்டால் போதாது, எத்தகைய புரதம் என்றும் கேட்க வேண்டும் என்பது உறுதியாயிற்று. தார்சேயின் கணக்கில் இருந்த பிழை இதுதான்: அவர் செங்கற்களை எண்ணினார், வகை பிரிக்கவில்லை.

சரி, புரதம் போகட்டும். எலும்பின் சுண்ணாம்புச் சத்தாவது சூப்பில் இறங்குமே என்று எங்கள் மாமா கேட்டார். அதையும் ஒருவர் அளந்து பார்த்துவிட்டார். 1934-இல் இலண்டனில் மக்கான்சும் அவருடன் பணியாற்றியவர்களும் மருத்துவமனைகளில் குழந்தைகளுக்குக் கொடுக்கும் எலும்புச் சாற்றைப் பகுத்தாய்ந்தனர். அதில் கால்சியம் பாலில் உள்ளதைவிட மிகவும் குறைவாகவே இருந்தது. எலும்பில் உள்ளது கால்சியம் பாஸ்பேட். அது வெந்நீரில் கரைவது அரிது. சூப் வைத்து முடித்த பின்னும் எலும்பு எலும்பாகவே கிடக்கிறதே, அதுவே போதிய சான்று அல்லவா?

கிண்டியில் கிடைத்த விடை

இன்னும் ஒரு கேள்வி மீதி இருந்தது. கொலாஜன் ஏன் மற்றப் புரதங்களைப் போல் இல்லை? இங்கேதான் கதை நம் ஊருக்கு வருகிறது. சர் சி. வி. இராமனிடம் பயின்ற ஜி. என். இராமச்சந்திரன் 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைவராகப் பொறுப்பேற்றார். அங்கு வந்த ஆங்கிலேய அறிஞர் பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் விளங்கவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் அதைக் கையில் எடுத்துக்கொண்டனர். கங்காருவின் வால் தசைநாணில் எக்ஸ்-கதிர்களைச் செலுத்தி, படத்தில் விழுந்த புள்ளிகளிலிருந்து அணுக்களின் இருக்கையைக் கணித்தனர். 1954-இல் 'நேச்சர்' இதழில் அவர்கள் கட்டுரை வெளிவந்தது. மறு ஆண்டு அதைத் திருத்தி முழுமையாக்கினர்.

அவர்கள் கண்ட அமைப்பு மூன்று இழைகள் முறுக்கிய கயிறு. நம் ஊர்த் தேங்காய் நார்க் கயிற்றை எண்ணிப் பாருங்கள். மூன்று இழைகளும் நெருங்கி முறுக்கிக்கொள்ள வேண்டுமானால், நடுவில் இடம் மிகக் குறைவு. ஆகவே ஒவ்வோர் இழையிலும் மூன்றாவதாக வரும் ஒவ்வோர் அமினோ அமிலமும் எல்லாவற்றிலும் சிறியதான கிளைசீனாகவே இருந்தாக வேண்டும். இதோடு புரோலின், ஹைட்ராக்சிபுரோலின் என்ற இரண்டும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அடைத்துக்கொள்கின்றன. கயிற்றுக்கு வலிமை தரும் அதே அமைப்புதான், உணவு என்ற முறையில் அதை ஒருதலையாக்கிவிட்டது. கொலாஜன் கட்டுவதற்கென்று உருவானது. பிறர் உண்பதற்கென்று அல்ல.

நாம் உண்ணும் கொலாஜன் நேராகப் போய் நம் எலும்பில் ஒட்டிக்கொள்வதும் இல்லை. அது குடலில் அமினோ அமிலங்களாகவும் அவற்றின் சிறு தொடர்களாகவும் சிதைந்த பிறகே குருதியில் சேருகிறது. நம் உடல் தன் கொலாஜனைத் தானே புதிதாகக் கட்டுகிறது. அதற்குப் பலவகை அமினோ அமிலங்களோடு வைட்டமின் சி-யும் வேண்டும். நெல்லிக்காயும் கொய்யாவும் சூப்புக்குச் சற்றும் குறைந்தவை அல்ல!

பழைய பாடத்தை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 1970-களில் அமெரிக்காவில் உடல் மெலிவதற்காகத் 'திரவப் புரதம்' என்று ஒன்று பரபரப்பாக விற்பனையாயிற்று. தோல், தசைநாண் ஆகியவற்றின் கொலாஜனைச் சிதைத்துச் செய்த நீர் அது. வேறு உணவின்றி அதை மட்டும் மாதக்கணக்கில் குடித்தவர்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த செய்திகள் 1977, 1978 ஆண்டுகளில் வெளிவந்தன. பலருக்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தவறியிருந்தது. கடும் பட்டினி, தாது உப்புகளின் குறைவு, தரக் குறைவான புரதம் ஆகிய மூன்றும் காரணமாகக் கருதப்பட்டன. மஜாந்தியின் அறிக்கை வெளிவந்து 136 ஆண்டுகள் ஆகியிருந்தன!

அப்படியானால் சூப் வேண்டாமா?

தாராளமாகக் குடிக்கலாம். வாய் கசந்து கிடக்கும் நோயாளிக்குச் சூடான, மணமான, உப்பும் உறைப்பும் கலந்த நீர் ஒரு வரப்பிரசாதம். அது பசியைத் தூண்டும்; நீரிழப்பை ஈடு செய்யும். ஆனால் அதையே முழு உணவாக எண்ணிவிடக் கூடாது. கரைந்து இறங்கியது ஜெலாட்டினும் சில உப்புகளும் கொழுப்பும் மட்டுமே. தசைப் புரதம் வெப்பத்தில் உறைந்து கறியிலேயே தங்கிவிடுகிறது. கொழுப்பு குறைந்த கணைக்கால் கறியைச் சமைத்தபின் 100 கிராமில் 25 கிராமுக்கும் மேல் புரதம் உண்டு. ஒன்பது இன்றியமையாத அமினோ அமிலங்களும் அதில் உண்டு. உடல் எளிதில் ஏற்கும் இரும்பும், துத்தநாகமும், பி12 வைட்டமினும் அதனோடு வருகின்றன. மாமா 'சக்கை' என்று ஒதுக்கியது இதைத்தான்.

ஆகவே கணைக்கால் வாங்கினால் சதையோடு வாங்குங்கள். குக்கரில் வைத்தாலும் சரி, பானையில் இளந்தீயில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தாலும் சரி, கறி எலும்பை விட்டு உதிரும்வரை பொறுத்திருங்கள். பல் இல்லாதவர்களும் உண்ணும் அளவுக்கு அது மென்மையாகிவிடும். மேலே மிதக்கும் கொழுப்பை வழித்து எடுத்துவிடலாம். கறி வாங்க வசதியில்லாத வீட்டில் கவலை வேண்டாம். முட்டை, பால், பருப்பு ஆகியவற்றில் டிரிப்டோஃபேன் உண்டு. சிறுநீரகக் கோளாறு அல்லது யூரிக் அமிலத் தொல்லை உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் கதை முழுவதையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர், "அப்படியானால் அக்காவுக்குச் சூப்போடு கறியையும் வை" என்றார். மறுநாள் முதல் தம்ளரோடு ஒரு தட்டும் சேர்ந்தது. குழந்தைகளுக்குத்தான் சிறிது வருத்தம். ஆறு வாரத்தில் கட்டைப் பிரித்தபோது எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. "பார்த்தாயா, எல்லாம் கால் சூப்பின் மகிமை!" என்றார் மாமா. ஒரே ஒரு நோயாளியை வைத்து அதை ஒப்பவும் முடியாது, மறுக்கவும் முடியாது என்பதால் நான் ஒன்றும் சொல்லவில்லை.